வெட்டப்பட்ட சரணங்களைத் தேடி கென்டக்கிக்கு

அக்டோபர் 14, செவ்வாய் – பெயின்ட்ஸ்வில், கென்டக்கி

லெக்சிங்டனைத் தாண்டி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மலைப்பாதையில் வாடகைக் காரின் பின்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. தூறல் வேறு. வண்டி ஓட்டிவந்த அக்கா மகள் ஸ்டெப்னியை எடுத்து வைத்தாள். ஆனால் சக்கரத்தின் நட்டுகள் அசைந்து கொடுக்கவில்லை. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது.

பத்து நிமிடத்தில் ஒரு பிக்கப் டிரக் எங்களைக் கடந்து போய், நின்று, பின்னோக்கி வந்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர். எங்களைக் காருக்குள் உட்காரச் சொல்லிவிட்டு, தன் வண்டியிலிருந்து நீளமான ஸ்பேனரை எடுத்துவந்து ஈரத்தரையில் மண்டியிட்டார். வேலை முடிந்ததும் நான் நீட்டிய இருபது டாலரைக் கையால் தொடவும் இல்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். லொரெட்டா லின் பிறந்த வீட்டைப் பார்க்க என்றேன். கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசையைப் பாடிப் புகழ்பெற்றவர் லொரெட்டா, சுரங்கத் தொழிலாளியின் மகள். எங்களுக்கு உதவியவரின் தாத்தாவும் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். நுரையீரலில் நிலக்கரித் தூசி படிந்து, கடைசி வருடங்களில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் தூங்க முடியாதாம். "அந்த அம்மா எவ்வளவு உயரம் போனாலும் எங்கள் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை" என்றார். பிறகு தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

பெயின்ட்ஸ்வில் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. முன்பதிவு செய்த விடுதியில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு வேறு அறை கிடைத்தது. வாடகை 94 டாலர், ஹீட்டர் ஓடவில்லை. வெளியே ஆறு டிகிரி குளிர்.

இரவு உணவுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சிறிய உணவகம். இந்த மலைப்பகுதியின் அன்றாடச் சாப்பாடு சூப் பீன்ஸ்: பழுப்புப் புள்ளி போட்ட பின்டோ பீன்ஸை நாள் முழுக்கக் குழைய வேகவைத்து, பச்சை வெங்காயம் தூவி, சோள ரொட்டியுடன் தருவார்கள். நாங்கள் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றதும் பரிமாறிய பெண் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். "ஹனி, பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கிறது. கீரையிலும் இருக்கிறது. நான் சமையலறையில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் இரண்டு தட்டுகள். எண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு, பட்டை தூவி வதக்கிய ஆப்பிள், சூடான சோள ரொட்டி. தட்டுக்கு 8 டாலர். ரொட்டியில் இனிப்பே இல்லை. இரும்புச் சட்டியில் சுட்டதால் அடிப்பாகம் மொறுமொறுவென்று இருந்தது.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். லொரெட்டா லின்னின் பெயரை உலகம் அறிந்தது 1970-ல் வெளிவந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாடலால். சுரங்கத் தொழிலாளியின் மகளாகத் தான் வளர்ந்த கதையை அவரே எழுதிப் பாடினார். அவர் எழுதிவந்த பாடல் இசைத்தட்டில் இருப்பதைவிட நீளமானது. ஒரு பாட்டுக்கு இவ்வளவு நீளம் ஆகாது என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொல்ல, சில சரணங்களை வெட்டிவிட்டார்கள். பல வருடங்களாக அந்தப் பாடலைக் கேட்கும்போதெல்லாம், மிச்சத்தில் என்ன இருந்திருக்கும் என்றுதான் என் மனம் ஓடும். அவர் வாழ்ந்த இடங்களைப் பார்த்தால் கொஞ்சமாவது புரியும் என்று தோன்றியது.

அக்டோபர் 15, புதன் – புட்சர் ஹாலர்

காலையில் மூடுபனி. மலைச்சரிவு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள். பனி விலக விலக ஒவ்வொரு மரமாக வெளியே வந்தது. பெயின்ட்ஸ்வில் ஜான்சன் கவுன்டியின் தலைநகர். இங்கே இருக்கும் அரசுப் பதிவேட்டில்தான் லொரெட்டாவின் திருமணப் பதிவும் இருந்தது. 13 வயதில் திருமணம் ஆனதாக அவர் எப்போதும் சொல்லிவந்தார். பிறப்பு, திருமண ஆவணங்களை 2012-ல் ஒரு செய்தி நிறுவனம் எடுத்துப் பார்த்ததில் 15 என்று தெரிந்தது. பிறந்தது 1932 ஏப்ரல் 14, திருமணம் 1948 ஜனவரி 10. அவர் பொய் சொன்னார் என்று அப்போது சிலர் குதித்தார்கள். 15 வயதுப் பெண்ணும் குழந்தைதான். கணவர் ஆலிவர் லின்னுக்கு அப்போது 21. அவரை எல்லோரும் 'டூலிட்டில்' என்றும் 'டூ' என்றும் அழைத்தார்கள்.

வான் லியர் என்ற பழைய சுரங்க ஊரைத் தாண்டி, ஒற்றை வண்டி போகும் அகலத்தில் தார்ச்சாலை மலைக்குள் நுழைகிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஓடை வழிவிட்ட அளவுக்குத்தான் இடம். இப்படிப்பட்ட ஒடுங்கிய பள்ளங்களை இந்த ஊரார் ஹாலர் என்பார்கள். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் யார் வீட்டு வாசலிலாவது ஒதுங்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒதுங்கி வழிவிட்டவர்கள் எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை உயர்த்தி வணக்கம் சொன்னார்கள்.

வழியில் லொரெட்டா பிறந்த வெப் குடும்பத்தின் பழைய கடை இருக்கிறது. நிலக்கரி கம்பெனி நடத்திவந்த ஐந்தாம் எண் கடை அது. பின்னாளில் லொரெட்டாவின் தம்பி ஹெர்மன் வெப் அதை நடத்தினார். வீட்டைப் பார்க்க வருபவர்களை அவரே அழைத்துப் போவாராம். 2018-ல் காலமானார். கடையில் சிப்ஸ், குளிர்பானம், சுவர் நிறையப் புகைப்படங்கள். அங்கே ரொக்கமாகப் பணம் கட்டிவிட்டு, கடையில் இருந்தவரின் வண்டிக்குப் பின்னாலேயே மேலே போனோம்.

வீடு சரிவில் நிற்கிறது. வர்ணம் பூசாத பலகைகள் மழையிலும் வெயிலிலும் சாம்பல் நிறமாகிவிட்டன. முன்னால் அகலமான திண்ணை. எட்டுப் பிள்ளைகளும் பெற்றோரும் இருந்த வீடு என்று சொன்னால்தான் நம்பமுடிகிறது. உள்ளே மூன்று பேர் நின்றால் நான்காமவர் வாசலில் நிற்க வேண்டும். நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் ஓர் இடைவெளி. அதில் சுண்டுவிரலை வைத்தேன். வெளிக்காற்று விரல்நுனியில் சில்லென்று பட்டது. அக்டோபரிலேயே இப்படி என்றால், பனி கொட்டும் ஜனவரி இரவில் இந்தச் சுவரோரம் படுத்த பிள்ளை யார்?

அம்மா கிளாரா சுவரில் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டிவைத்திருந்தார். காற்றை அடைக்கத்தான். அந்தத் தாள்களில் சினிமா நட்சத்திரங்களின் படங்களும் இருந்தன. லொரெட்டா யங் என்ற நடிகையின் முகம் பிடித்துப்போய், பிறந்த பெண்ணுக்கு அந்தப் பெயரையே வைத்தார். வெட்டுப்பட்ட சரணங்களில் இந்தச் சுவர் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இசைத்தட்டில் மிஞ்சிய பாடலில் துணி துவைக்கும் பலகையில் அம்மாவின் விரல்கள் புண்ணாகும். மண்ணெண்ணெய் வெளிச்சம் இருக்கும். கோடையில் காலில் செருப்பு இருக்காது. இந்தச் சுவருக்கு மட்டும் அதில் இடம் கிடைக்கவில்லை.

திண்ணையிலிருந்து பார்த்தால் எதிர்மலை முகத்தில் இடிக்கிறது. வானம் ஒரு நீளத் துண்டு. இந்தச் சரிவில்தான் அப்பா டெட் வெப் பகலில் சோளம் போட்டார். இரவில் சுரங்கத்துக்குப் போனார். சுரங்கத்தில் வேலை குறைந்ததும் குடும்பம் இண்டியானா மாநிலத்தின் வாபாஷுக்குக் குடிபெயர்ந்தது. 1959-ல் அவர் 52 வயதில் இறந்தார். மகளின் முதல் இசைத்தட்டு வந்தது 1960-ல். இதை அழைத்துவந்தவரிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். நாங்கள் கொஞ்ச நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க அனுமதித்தார். அவசரப்படுத்தவே இல்லை.

அக்டோபர் 16, வியாழன் – வான் லியர், பிறகு நீண்ட சாலை

வான் லியரில் கம்பெனி அலுவலகமாக இருந்த கட்டடம் இப்போது சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகம். கன்சாலிடேஷன் கோல் கம்பெனி கட்டிய ஊர் இது. கம்பெனி இயக்குநர் ஒருவரின் பெயரே ஊருக்கு. கூலியில் ஒரு பகுதி கம்பெனி நாணயமாகவே வழங்கப்பட்டது, அது கம்பெனி கடையில் மட்டுமே செல்லும். கையில் வைத்துப் பார்த்தேன்: பத்து பைசா அளவுக்கு லேசான உலோகத் துண்டு. உடல் நோக உழைத்த மனிதனின் கையில் இதைக் கொடுத்து, இதை எங்கே செலவழிக்கலாம் என்பதையும் முதலாளியே முடிவு செய்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

23-ஆம் எண் நெடுஞ்சாலையைக் கன்ட்ரி மியூசிக் ஹைவே என்றே பெயரிட்டிருக்கிறார்கள். கென்டக்கியின் இந்தக் கிழக்கு ஓரத்திலிருந்து லொரெட்டா, அவருடைய கடைசித் தங்கை கிரிஸ்டல் கெய்ல், ரிக்கி ஸ்காக்ஸ், டுவைட் யோகம், பாட்டி லவ்லெஸ், கிரிஸ் ஸ்டேபிள்டன் என்று ஒரு பெரும் பட்டாளமே வந்திருக்கிறது. அதற்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. விரைவாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம்.

டென்னசி மாநிலத்தில், கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் வரை ஐந்தரை மணி நேரம். மழை விட்டபாடில்லை. பெட்ரோல் நிலையத்தில் சீஸ் சாண்ட்விச்சும் உப்புக்கடலையும் வாங்கிக் காரிலேயே சாப்பிட்டோம், இருவருக்கும் சேர்த்து 11 டாலர்.

1960-ல் லொரெட்டாவும் டூவும் இப்படித்தான் காரில் சாண்ட்விச் தின்றுகொண்டே நாடு முழுக்கச் சுற்றினார்கள். திருமணமான கொஞ்ச நாளிலேயே, வயிற்றில் பிள்ளையுடன், அவர் வாஷிங்டன் மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டிய கஸ்டர் என்ற ஊருக்குப் போய்விட்டார். அங்கே பண்ணை வேலை. பிற மாநிலக் கூலியாட்களோடு ஸ்ட்ராபெரி பறித்தார். அடுத்தடுத்து நான்கு பிள்ளைகள். பிள்ளைகளைத் தூங்க வைக்க அவர் பாடுவதைக் கேட்ட கணவர், 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிடார் வாங்கித் தந்தார். யாரும் சொல்லித்தரவில்லை. தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டு, பாட்டும் எழுத ஆரம்பித்தார். ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற சின்னஞ்சிறு கம்பெனி அவருடைய 'ஹாங்கி டாங்க் கேர்ள்' பாடலை வெளியிட்டதும், ஊர் ஊராக வானொலி நிலையங்களின் வாசலில் காரை நிறுத்தி, உள்ளே போய், என் பாட்டைப் போடுங்கள் என்று இவரே கேட்டார். மேடையில் போட்ட உடைகளும் அவரே தைத்தவை. பாட்டு பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாடல் பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது.

கணவரைப் பற்றி என் மனம் இன்னும் தெளியவில்லை. குடி, வேறு பெண்கள், வீட்டுக்குள் சண்டை என எல்லாமே இருந்தது. லொரெட்டா எதையும் மறைக்கவில்லை. அதே மனிதர்தான் கிடார் வாங்கித் தந்து, கூச்சப்பட்டவரை மேடை ஏற்றினார். 1996-ல் அவர் இறக்கும் வரை, ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவாக, இருவரும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். காரில் அக்கா மகள் கோபமாகச் சொன்னாள்: "சித்தி, அவர் ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை. குடித்துவிட்டு என்னிடம் வராதே என்று புருஷனுக்குச் சொல்லும் பாட்டுத்தான் அவருக்கு முதல் முதலிடத்தைக் கொடுத்தது என்பதை மட்டும் சொன்னேன். அந்தப் பாட்டின் பெயரிலேயே 1967-ல் வந்த ஆல்பம், கன்ட்ரி இசையில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த முதல் தங்க இசைத்தட்டு ஆனது.

நாஷ்வில் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. களைத்துப்போயிருந்த எங்களுக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கம் பெரும் பேறு.

அக்டோபர் 17, வெள்ளி – நாஷ்வில்

வெயில். கார் நிறுத்த 40 டாலர். பிராட்வே தெருவில் காலை பதினோரு மணிக்கே ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு பாட்டுக்குழு அலறுகிறது. ஒன்றின் தாளம் அடுத்ததன் மேல் ஏறுகிறது. சற்றே தள்ளி, சிவப்புச் செங்கலில் ரைமன் அரங்கம். 1892-ல் பிரசங்கக் கூடமாகக் கட்டியது. 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி நிகழ்ச்சி இங்கேதான் நடந்தது. தேவாலயத்து மர பெஞ்சுகள் அப்படியே இருக்கின்றன. உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, ஆனால் மேடையில் ஒருவர் தொண்டையைச் செருமினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிறது.

லொரெட்டா இங்கே முதல்முறை பாடியது 1960 அக்டோபர் 15. 1962-ல் ஓப்ரியின் உறுப்பினர் ஆனார். வெளியே கிடாருடன் நிற்கும் அவருடைய சிலையை 2020-ல் வைத்திருக்கிறார்கள். அதன் முன் ஒரு பாட்டி தன் பேத்தியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களையும் நிற்கச் சொல்லி எடுத்துக் கொடுத்தார். "இந்தப் பெண்மணி பாடியதை என் அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவைத்துக் கேட்பார், அப்பா வீட்டில் இல்லாதபோது" என்றார்.

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்' பாடலை அவர் 1972-லேயே பதிவு செய்துவிட்டார். இசைத்தட்டுக் கம்பெனி அதை மூன்று வருடம் பூட்டிவைத்தது. 1975-ல் வெளிவந்தபோது பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. இருந்தும் கன்ட்ரி பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. நாங்கள் கொடுத்த துண்டுப் பிரசுரங்களைவிட உங்கள் பாட்டுத்தான் கிராமத்துப் பெண்களிடம் போய்ச் சேர்ந்தது என்று மருத்துவர்களே தன்னிடம் சொன்னதாக லொரெட்டா பின்னர் கூறினார். ஆறு பிள்ளை பெற்ற பெண் அதைப் பாடியபோது, பிரசவ வலி என்னவென்று அறியாத நிலைய மேலாளர்கள் அறைக்குள் உட்கார்ந்து, இது ஆபாசம் என்று முடிவு செய்தார்கள். ஆண் பாடகர்கள் குடியையும் கள்ள உறவையும் காலங்காலமாகப் பாடிவந்தபோது அதே நிலையங்கள் எதையும் நிறுத்தவில்லை. விவாகரத்தான பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று அவர் எழுதிய 'ரேட்டட் எக்ஸ்' பாடலுக்கும் எதிர்ப்பு வந்தது. அதே 1972-ல் கன்ட்ரி இசைச் சங்கம் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை அவருக்குக் கொடுத்தது. அந்த விருது அதுவரை எந்தப் பெண்ணுக்கும் போகவில்லை.

மதியம் ஊர்ப்பாணிச் சாப்பாடு: ஓர் இறைச்சி, மூன்று காய்கறி என்பது கணக்கு. இறைச்சிக்குப் பதிலாக நான்காவது காய்கறி தருவீர்களா என்றேன். கவுன்டரில் இருந்தவர் யோசிக்காமல் மக்ரோனி-சீஸை அள்ளி வைத்தார். இங்கே மக்ரோனியும் காய்கறிக் கணக்கில்தான் வருகிறது. 14 டாலர், வாழைப்பழ புட்டிங் தனி.

இரவு ஓப்ரி இப்போது நடக்கும் புதிய அரங்கம். ரைமன் மேடையிலிருந்து வட்டமாக வெட்டியெடுத்த ஓக் மரப்பலகையை இங்கே மேடை நடுவில் பதித்திருக்கிறார்கள். பாடகர்கள் அதன்மேல் நின்று பாடுகிறார்கள். அறிமுகப் பாடகி ஒருத்தி அந்த வட்டத்துக்குள் கால் வைக்குமுன் ஒரு கணம் தயங்கி நின்றதைப் பார்த்தேன்.

அக்டோபர் 18, சனி – கேம்டன், ஹரிகேன் மில்ஸ்

மேற்கே போகும் நாற்பதாம் எண் நெடுஞ்சாலை. முதலில் கேம்டன். ஊருக்கு வெளியே காட்டுக்குள் ஒரு பாறாங்கல். 1963 மார்ச் 5-ஆம் தேதி இங்கே சிறு விமானம் விழுந்து பாடகி பாட்ஸி கிளைன், பாடகர்கள் கவ்பாய் கோபஸ், ஹாக்ஷா ஹாக்கின்ஸ், விமானத்தை ஓட்டிய ரேண்டி ஹியூஸ் நால்வரும் இறந்தார்கள். கான்சாஸ் சிட்டியில் ஒரு நிதி திரட்டும் கச்சேரியை முடித்துவிட்டு நாஷ்விலுக்குத் திரும்பும் வழி. பாட்ஸிக்கு 30 வயது.

லொரெட்டா நாஷ்விலுக்கு வந்த புதிதில் பாட்ஸி கார் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தார். பாடகர் எர்னஸ்ட் டப் தன் இசைத்தட்டுக் கடையிலிருந்து நடத்திய நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் லொரெட்டா அவருக்காக அவருடைய பாடலையே பாடினார். படுக்கையிலிருந்து கேட்ட பாட்ஸி ஆளனுப்பி அவரை வரவழைத்தார். பழக்கம் அப்படித் தொடங்கியது. புதிதாக வந்தவளுக்கு இத்தனை வாய்ப்பா என்று மற்றப் பாடகிகள் கூடிப் பேச ஒரு கூட்டம் போட்டபோது, பாட்ஸி லொரெட்டாவையே கையோடு அழைத்துக்கொண்டு போய் அங்கே உட்கார வைத்தார். பேச்சு அத்தோடு நின்றது. தனக்கு வந்த உடைகளையும் கொடுத்தார். அவர் போன மறுவருடம் லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். ஒருத்திக்கு பாட்ஸி என்று பெயர்.

அந்தக் கல்லருகே யாரோ பிளாஸ்டிக் ரோஜாக்களையும் ஒரு லிப்ஸ்டிக்கையும் வைத்திருந்தார்கள். கொசுக்கள் அக்டோபரிலும் விடவில்லை.

பிறகு ஹரிகேன் மில்ஸ். 1966-ல் வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய மாளிகை ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டார் லொரெட்டா. வாங்கியபோது அதனுடன் ஓடை, மாவு மில், தபால் நிலையம் என்று ஊரே சேர்ந்து வந்தது. இங்கே அவருடைய அருங்காட்சியகம் இருக்கிறது. தரையைத் தொடும் மேடை கவுன்கள் வரிசை வரிசையாக. அவர் வருடக்கணக்கில் ஊர் சுற்றிய பஸ்ஸும் உண்டு. பஸ்ஸுக்குள் தூங்கும் இடத்தைப் பார்த்தேன். புட்சர் ஹாலர் கட்டிலைவிட அது பெரிதல்ல. அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் 1980-ஆம் ஆண்டுப் படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கிய சிஸ்ஸி ஸ்பேசெக்கை, அந்த வேடத்துக்கு லொரெட்டாவே தேர்ந்தெடுத்தார்.

ஆனால் எளிதான வாழ்க்கை இங்கேயும் வாய்க்கவில்லை. 1984-ல் மூத்த மகன் ஜாக் பென்னி குதிரையில் ஆற்றைக் கடக்கும்போது இந்தப் பண்ணையிலேயே மூழ்கி இறந்தார். 2021 ஆகஸ்டில் இந்தக் கவுன்டியில் ஒரே நாளில் 430 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. பக்கத்து ஊரான வேவர்லியில் வீடுகள் அடித்துப்போயின, 20 பேர் இறந்தார்கள். பண்ணையின் மேற்பார்வையாளரும் அவர்களில் ஒருவர். கடையில் கல்லாவில் இருந்த பெண் தண்ணீர் எதுவரை வந்தது என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

72 வயதில், 2004-ல், தன்னைவிட நாற்பது வயதுக்கு மேல் இளைய ராக் கலைஞர் ஜாக் ஒயிட்டுடன் சேர்ந்து 'வான் லியர் ரோஸ்' ஆல்பத்தைச் செய்தார். இரண்டு கிராமி விருதுகள். அதன் பாடல்கள் அவர் எழுதியவை. 2022 அக்டோபர் 4 அன்று ஹரிகேன் மில்ஸில் இருந்த தன் வீட்டிலேயே தூக்கத்தில் காலமானார். வயது 90.

இங்கே புட்சர் ஹாலர் வீட்டின் பிரதியும் கட்டிவைத்திருக்கிறார்கள். நல்ல வேலைப்பாடு, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதன் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே வானம் விரிந்து கிடக்கிறது. முகத்தில் இடிக்கும் அந்த மலை இல்லை. இந்த வழியாகப் போக நினைப்பவர்கள் கென்டக்கியிலிருந்தே தொடங்குங்கள், பிரதியை முதலில் பார்த்துவிடாதீர்கள். பெயின்ட்ஸ்விலிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், சிறிய நோட்டுகளாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலருக்குள் கைப்பேசி வேலை செய்யாது. கடையில் இருப்பவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள், முன்னால் வண்டி ஓட்டி அழைத்தும் போவார்கள்.